தூள் அக்காவும் பெட்ரோல் தர்மமும்

உடம்பில் ஒரு நோயும் இல்லாமல், மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் இத்தனை கிளினிக்குகளில் நம்பர் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் முன்னால் நாக்கை நீட்டிய ஆள் தூள் அக்கா ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் காசு கொடுப்பது அவர் வேலை. கொடுப்பதற்கு முன்னால் அங்கே நோயாளியாகப் போய் உட்கார்ந்து பார்ப்பது அவர் வியாதி.

அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. காசோலையில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் தூள் அக்காதான். மாசாய் என்ற ஊரில் மசாலா ஆலை வைத்திருந்தார். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மீன் கறித்தூள் என்று அரைத்து அரைத்து அந்த வாசனை அவர் சேலையில் மட்டுமில்லை, தோலிலேயே ஏறிவிட்டது. அவர் வங்கிக்குள் நுழைந்தால் குளிர்சாதனக் காற்றில் காரம் கலந்து கவுண்டர் கவுண்டராகத் தும்மல் கிளம்பும். "பாத்தியா, நான் போனா எல்லாரும் எந்திரிச்சி நிக்கறாங்க" என்று அக்கா பெருமையாகச் சொல்வார். அவர்கள் கைக்குட்டை எடுக்கத்தான் எழுந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை.

ஆலைக்கு மேல்மாடியில் ஓர் அறவாரியம் நடத்தினார். அதில் எனக்கு வேலை. என் அட்டையில் 'நிர்வாக அதிகாரி' என்று அச்சடித்திருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டது "கிராணி" என்று.

"அக்கா, கிராணின்னா தோட்டத்துல கணக்கு எழுதறவங்க. நான் டிகிரி முடிச்சவன்."

"பேனா வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்."

"அப்ப கிராணிதான்லா."

அறவாரியம் எதற்கு ஆரம்பித்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "காசு இருக்கு. புள்ள குட்டி இல்ல. நகை போட்டா கழுத்து அரிக்குது. வெளியூர் போனா தூக்கம் வரமாட்டேங்குது. வேற என்னாதான் செய்யச் சொல்ற?" என்றார். பிறகு, ஏதோ மறந்துபோன சாமானைச் சொல்வதுபோல், "நம்ம பேக்கிங்ல வேலை செய்ற பொண்ணுங்க ஒருத்தியும் கிளினிக்குப் போறதில்ல. சம்பளம் போயிரும்னு வலியோட நிக்கறாளுங்க. அதையும் பாத்துகிட்டே இருந்தேன்" என்றார்.

அறவாரியத்துக்கு ஒரு செயலவை இருந்தது. அதில் முக்கியமானவர் ஒரு டத்தோ, அரண்மனைப் பட்டம் வாங்கியவர். பெயர் வேண்டாம். நம் ஊரில் டத்தோக்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல மனிதர்தான். ஆனால் தர்மம் என்றால் அவருக்குப் போட்டோ. ஆள் உயரத்துக்கு அட்டையில் காசோலை செய்து, அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சிரிக்காவிட்டால் கொடுத்தது கணக்கில் சேராது என்று நினைப்பவர். அக்கா அந்த அட்டைகளையெல்லாம் வீணாக்கமாட்டார். போட்டோ எடுத்து முடிந்ததும் ஆலைக்குக் கொண்டுவந்து, மழை வரும்போது காயவைத்த மிளகாய் மேல் கவிழ்த்து மூடிவிடுவார்.

முதல் திட்டமே பெரிய கூத்தாக முடிந்தது. மாசாயில் ஒரு மண்டபம் எடுத்து இலவசமாகச் சர்க்கரை நோய் பரிசோதனை வைத்தோம். இளம் பெண் டாக்டர் ஒருவர் சம்பளம் வாங்காமல் உதவிக்கு வந்தார். முதல் ஆளின் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை எகிறி நின்றது. அடுத்தவர், அதைவிட மேலே. அதற்கடுத்து மோட்டோவில் வந்த ஒல்லிப் பையன், தினமும் பந்து விளையாடுகிறவன், அவனுக்கும் ஏறித்தான் இருந்தது. டாக்டர் மெஷினை உதறிப் பார்த்தார். வேறு மெஷினை எடுத்தார். "மாசாய் மொத்தத்தையும் ஆஸ்பத்திரியில சேக்கணும் போலிருக்கே" என்று முனகிக்கொண்டே வாசலுக்கு வந்து பார்த்தார்.

அங்கே அக்கா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் சூடாக ஜிலேபி. கூடவே இனிப்பான டின் பால் ஊற்றிய டீ.

"அக்கா! என்னா செய்றீங்க?"

"சனங்க சந்தோஷமா ஊசி குத்திக்கட்டும்னுதான், டாக்டர்."

"ரத்தத்துல சக்கர இருக்கான்னு பாக்க வந்தவங்களுக்கு நீங்களே சக்கரைய ஊத்தி அனுப்பறீங்களே!"

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "சரி விடுங்க, நாளைக்கு இனிப்பு வேணாம். உப்பு முறுக்கு போட்டுர்றேன்."

"நாளைக்குப் பிரஷர் பாக்கறோம்க்கா!"

வீட்டுக்குப் போகும்போது அக்கா மீந்த ஜிலேபித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தார். ஆலை வாசலில் இறங்கியதும் சொன்னார்: "தப்பு எங்க தெரியுமா கிராணி? நான் வாசல்ல நின்னு குடுக்கறவளா இருந்துட்டேன். உள்ள உக்காந்து கைய நீட்டறவளா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சாதாரண மனிதர்கள் இதைச் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். அக்கா மறுவாரமே ஆலையில் சாக்கு தைக்கும் பெண்ணிடம் ஒரு பழைய பூப்போட்ட பாத்திக் கைலியைக் கடன் வாங்கினார். ரப்பர் செருப்பு, துணிப்பை, தலையில் ஒரு துண்டு. எல்லாம் சரி, மூக்கில் வைர மூக்குத்தி மின்னிக்கொண்டிருந்தது.

"அக்கா, மூக்குத்தி."

"கண்ணாடிக் கல்லுன்னு சொல்லிக்கறேன்லா. எவன் வந்து ஒரசிப் பாக்கப் போறான்?"

பஸ் பிடித்து ஒரு கிளினிக்குக்குப் போனார். வெளியே வெயிலில் வரிசை. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் என்ன நோய் என்று யோசிக்காமல் வந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"எங்கம்மா வலிக்குது?"

"அது ஒரு எடத்துல நிக்கறதில்ல டாக்டர். காலையில முட்டியில இருந்திச்சி. பஸ்ஸுல வரும்போது தோளுக்கு வந்திருச்சி. இப்ப இங்கதான் எங்கியோ சுத்திகிட்டு இருக்கு."

அந்தக் கிளினிக்கின் டாக்டர் சிரிக்கவில்லையாம். எழுதிக்கொண்டே, "ராத்திரில ஒழுங்கா தூங்கறீங்களா? வீட்டுல பேசறதுக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டாராம். அக்கா திரும்பி வந்து இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல கிராணி." பிறகு, "டாக்டர் நல்ல டாக்டர். ஆனா அவர் கதவு வரைக்கும் போறதுக்குள்ள நல்லா இருக்கறவனும் வெயில்ல சுருண்டுருவான்" என்றார். அந்தக் கிளினிக் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, வரிசை நிற்கும் இடத்துக்கு ஒரு கூரையும் மின்விசிறிகளும் பெஞ்சுகளும் போட்டுக் கொடுத்தோம். டத்தோவுக்குப் பெரிய வருத்தம். பெஞ்சோடு நின்று போட்டோ எடுத்தால் பெஞ்சு விற்கிறவர் மாதிரி இருக்கிறதாம்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்த ஜிலேபி டாக்டருக்கு விஷயம் தெரிந்ததும் அக்காவைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "நீங்க ஒரு நம்பர் எடுத்தா நெசமான நோயாளி ஒருத்தர் பின்னால தள்ளிப் போறார். தெரியுமா?" அக்கா அதிர்ந்துபோனார். உடனே வழி கண்டுபிடித்தார். நம்பர் எடுப்பது, உட்கார்ந்து எல்லாரோடும் பேசுவது, தன் முறை வரும் நேரத்தில் கடைசியில் இருக்கும் ஆளிடம் நம்பரைக் கொடுத்துவிட்டு நழுவுவது. நல்ல வழிதான். ஆனால் ஒரே அம்மா வாராவாரம் வந்து நம்பர் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனால் காவல்காரர் என்ன நினைப்பார்?

எனக்குப் போன் வந்தது. ஓடினேன். அக்கா கிளினிக் வாசல் காவல் கூண்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, காவல்காரரின் மனைவியுடைய மூட்டுவலி பற்றி அவரிடமே விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தம்மா நம்பர் விக்கறாங்க. நீங்க யாரு?" என்றார் காவல்காரர்.

வாய் தவறி வந்துவிட்டது. "நான் இவங்க கிராணி."

"அலமாக்! நம்பர் விக்கறதுக்குக் கணக்கப்பிள்ளை வேறயா!"

மூவாரில் ஒரு தொண்டுப் பல் கிளினிக் உதவி கேட்டிருந்தது. அங்கே பல்வலி என்று பொய் சொல்லிப் போனார் அக்கா. வாயைத் திறந்து பார்த்த பல் டாக்டர், "ஆமாம்மா, சொத்தை பெருசாயிருக்கு, இது எடுத்தே ஆகணும்" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு உண்மையிலேயே சொத்தைப் பல் இருந்ததும், ஊசிக்குப் பயந்து பல வருஷமாக அதை மறைத்து வைத்திருந்ததும் அப்போதுதான் எனக்கே தெரியும். ஓடினார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கிளினிக் தாதி துரத்திவந்து, பேசி, கையைப் பிடித்து அழைத்துப் போனார். அன்று மாலை கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு அலுவலகத்துக்கு வந்தவர், அந்த விண்ணப்பத்தைக் காட்டி இரண்டு தடவை தலையை ஆட்டினார். அனுமதி.

இதெல்லாம் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குளுவாங் விஷயம் வந்தது.

குளுவாங்கில் சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு இலவசமாக ரத்தம் சுத்தம் செய்யும் ஒரு சின்ன டயாலிசிஸ் நிலையம். அதற்கு எங்கள் அறவாரியம் மெஷின்கள் வாங்கிக் கொடுத்திருந்தது. திறப்பு விழாவில் டத்தோ மனம் குளிர்ந்துபோனார். ரிப்பன், மாலை, ஆள் உயர அட்டை. மெஷின்களுக்கு எதிரே சுவரில் அறவாரியத்தின் பெயரும் அதற்குக் கீழே செயலவை உறுப்பினர்களின் பெயர்களும் பெரிய எழுத்தில். "இன்னும் கொஞ்சம் பெருசா" என்று சொல்லித் திரும்ப எழுதவைத்ததும் டத்தோதான்.

சில மாதம் கழித்து நிலையத்தின் மேலாளர் போன் பண்ணினார். நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. தோட்டப்பக்கத்து நோயாளிகள் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் வருவதில்லை. வாரத்துக்கு மூன்று தடவை கட்டாயம் வர வேண்டிய சிகிச்சை. விட்டால் உடம்பில் தண்ணீர் சேர்ந்து மூச்சு முட்டும். போன மாதம் ஒரு பெண்ணை அப்படித்தான் அவசரமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

செயலவைக் கூட்டத்தில் டத்தோ மேசையைத் தட்டினார். "சும்மா குடுத்தா அருமை தெரியாது. அக்கறை இல்லாத சனங்க! இதுக்குப் பதிலா நாம டவுன்லயே ஒரு பெரிய கட்டடமா கட்டிருவோம்."

மறுநாள் பாத்திக் கைலி வெளியே வந்தது. என்னையும் அழுக்குச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். "மறுபடியும் காவல்காரன்கிட்ட போய் கிராணின்னு சொல்லாதே. என் தம்பின்னு சொல்லு."

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அந்தப் பெண்ணின் பெயர் சரசு. நாற்பது வயதிருக்கும். குளுவாங்குக்கு வெளியே எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் உள்ளே, பழைய தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தாள். கணவன் குலை வெட்டும் வேலைக்குப் போய்விடுவான். அக்கா தன்னை அறவாரியத்தில் சமையல் வேலை செய்பவர் என்று சொல்லிக்கொண்டார். "மேல இருக்கறவங்க உங்களப் பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"வாங்கக்கா, உக்காருங்க. பாத்து என்னா ஆகப் போகுது?" என்றாள் சரசு. வாய் நீளம் என்று பார்த்ததுமே தெரிந்தது. அக்காவுக்கு உடனே பிடித்துப்போனது.

"ஏன் தங்கச்சி ஒழுங்கா போறதில்ல?"

"நாளைக்கு எங்கூட வாங்க, தெரியும்."

மறுநாள் போனோம். பஸ் ஓடும் பெரிய ரோட்டுக்குச் செம்பனைக்குள்ளேயே நடக்க வேண்டும். கங்காணியின் லோரி அந்தப் பக்கம் போனால் ஏறிக்கொள்ளலாம். மழை பெய்தால் லோரி வராது. அப்புறம் பஸ், வந்தால். இறங்கி மறுபடி நடை. போவதுகூடப் பரவாயில்லை. ரத்தம் சுத்தம் செய்து எழுந்த பிறகு சரசுவுக்கு நிற்கவே முடியவில்லை. கண் சொருகியது. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அக்கா மடியில் சாய்ந்தவள், அப்படியே வாந்தி எடுத்துவிட்டாள். கடன் வாங்கிய கைலி நாசம்.

"அய்யோ அக்கா, மன்னிச்சிருங்க."

"விடு. இது என் கைலி இல்ல" என்றார் அக்கா.

சரசு கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "அந்த மெஷின் வாங்கிக் குடுத்த மகராசி நல்லா இருக்கட்டும். ஆனா நேர்ல பாத்தா நாலு கேள்வி கேப்பேன். எதிர்ல செவுத்துல எல்லார் பேரும் எழுதி வெச்சிருக்காங்க. அசையாம படுத்துகிட்டு நாலு மணி நேரம் அதையே படிக்கறேன். என் மாமியார் பேருகூட எனக்கு இவ்வளவு மனப்பாடம் இல்ல. அந்தச் செவுத்துக்கு அடிச்ச சாயக் காசுல ஒரு வேனுக்குப் பெட்ரோல் ஊத்தக் கூடாதா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கேக்க வேண்டியதுதான். நல்லா கேளு" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அக்கா வேன் கேட்டார். வேன், அதற்கு ஓட்டுநர், பெட்ரோல், கூடவே நோயாளிகளைக் கைபிடித்து ஏற்றி இறக்க ஒரு பெண். டத்தோவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "மெஷின்னா பத்து வருஷம் நிக்கும். கட்டடம்னா அம்பது வருஷம் நிக்கும். பெட்ரோல் ஊத்துனா புகையாப் போயிரும். அறவாரியம் என்னா பெட்ரோல் ஸ்டேஷனா?"

"மெஷின் மேல பேரு எழுதலாம். கட்டடத்து மேலயும் எழுதலாம். பெட்ரோல் மேல எங்க எழுதறது? அதான் ஒருத்தரும் பெட்ரோல் குடுக்கமாட்டேங்கறீங்க" என்றார் அக்கா.

ஓட்டெடுப்பில் அக்கா தோற்றுப்போனார். அவர் ஆரம்பித்த அறவாரியத்தில், அவர் பணத்தில், அவர் வாங்கிப்போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து அவரையே தோற்கடித்தார்கள். நான் பயந்துகொண்டே பார்த்தேன். அக்கா சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் டீ ஊற்றினார். கோபம் வந்தால் அக்கா கத்துவார். சிரித்தால்தான் ஆபத்து.

"போனது போகட்டும். டுரியான் பழ சீசன். குளுவாங் பக்கத்துல தெரிஞ்சவங்க தோட்டம் இருக்கு. ஞாயித்துக்கெழம எல்லாரும் வாங்க, நம்ம ஆலை பஸ்ஸுலயே போலாம்" என்றார்.

டுரியான் என்றால் டத்தோவுக்குப் பதவியே மறந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை பளபளக்கும் தோல் செருப்போடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். தோட்டம் சரசு இருக்கும் லயத்தையும் தாண்டி உள்ளே இருந்தது. எல்லாரும் ஒரு பிடி பிடித்தார்கள். டத்தோ கொட்டையை ஓரமாகக் குவித்துக்கொண்டே போனார், குவியல் முழங்கால் உயரம் வந்தது. கை கழுவிவிட்டுப் பார்த்தால் பஸ்ஸைக் காணோம்.

"நம்ம டிரைவருக்குத் திடீர்னு வயித்து வலியாம். வண்டிய எடுத்துகிட்டு போயிட்டாராம்" என்றார் அக்கா, முகம் முழுக்கக் கவலையோடு.

"வயித்து வலின்னா வண்டியவுமா எடுத்துகிட்டுப் போவான்? போன் போடுங்க!"

"இங்க லைன் கெடைக்காதே டத்தோ."

அந்த நேரம் பார்த்துச் சரசு கூடையோடு வந்தாள். அவளுக்கு அன்று பிற்பகல் சிகிச்சை. பெரிய ஆட்களை ஒரு நாள் நடக்கவைக்க வேண்டும் என்று 'சமையல்கார அக்கா' சொன்னதும் துள்ளிக் குதித்து ஒப்புக்கொண்டிருந்தாள். டுரியான் அவளுக்கு ஆகாது, சிறுநீரகக்காரர்கள் தொடக்கூடாத பழம். ஓடுகளைப் பார்த்துவிட்டு, "வாசனையாவது எனக்கும் வரட்டும்" என்று ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "டவுனுக்குத்தானே? நானும் அங்கதான் போறேன். வாங்கண்ணே" என்றாள்.

நடந்தோம். செம்பனைக்குள் காற்றே கிடையாது. டத்தோவின் தோல் செருப்பு ஒரு பள்ளத்தில் மாட்டி வாயைப் பிளந்தது. நெஞ்சில் டுரியான், தலையில் வெயில். அவர் நின்று நின்று வந்தார். சரசு திரும்பித் திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்கண்ணே, பழகிரும்" என்றாள். பெரிய ரோட்டில் போனில் லைன் கிடைத்தது. வாடகைக் கார் கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பஸ் வந்தபோது அதில் உட்கார இடமில்லை. சரசுவுக்கு மட்டும் யாரோ எழுந்து கொடுத்தார்கள். டத்தோ கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஆடினார்.

நிலையத்து வாசலில் அவருக்கு மயக்கமாக வந்துவிட்டது. தாதிகள் பிடித்துக் காலியாக இருந்த ஒரு சிகிச்சை நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். பிரஷர் பார்த்தால் நிஜமாகவே ஏறியிருந்தது. "அசையாம படுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் தாதி. பக்கத்து நாற்காலியில் சரசு கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

டத்தோ கண்ணைத் திறந்தார். எதிரே சுவர். மூடினார். திறந்தார். மறுபடி சுவர்.

"ஏன் இவ்வளவு பெரிய எழுத்து?" என்றார் ஈனக் குரலில்.

"அதத்தாண்ணே நானும் கேக்கறேன்" என்றாள் சரசு. பிறகு, கேலி ஒன்றும் இல்லாமல் சொன்னாள்: "உங்களுக்கு வந்து சேர்ந்ததுமே படுக்கணும்னு ஆயிருச்சில்ல. நான் இப்ப படுத்துட்டு, எந்திரிச்சி, அதே வழியில திரும்பிப் போகணும்."

டத்தோ சுவரைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "தலைவரம்மா, உங்க டிரைவருக்கு வயித்து வலி சரியாயிருச்சான்னு கேளுங்க. இந்தப் பொண்ண வீட்டுல விட்டுட்டுப் போவோம்" என்றார்.

சரசு தலையைத் தூக்கினாள். "தலைவரம்மாவா? நீங்க சமைக்கறவங்கன்னு சொன்னீங்களே!"

"கறித்தூள் அரைக்கறவ சமையல்காரி இல்லியா?"

"அய்யய்யோ! அன்னிக்கி பஸ்ஸுல நான் உங்களத்தான்…"

"நல்லாத்தான் கேட்ட. படு, கைய ஆட்டாதே."

வேன் வந்தது. டத்தோ முன்னால் நின்று வாதாடினார். ஆனால் பிறவிக் குணம் எங்கே போகும்? வேனில் பெயர் எழுத வேண்டும் என்று மட்டும் ஒற்றைக் காலில் நின்றார். அக்கா யோசித்துவிட்டு, "கூரை மேல எழுதுங்க. மேல போற ஏரோப்பிளேன்காரன் படிச்சிக்கட்டும்" என்றார். நிஜமாகவே கூரையில்தான் எழுதினார்கள்.

வேனோடு நிற்கவில்லை. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியவில்லை, மாலையில் ஒரு சுற்று வைக்கலாம் என்றால் தாதிக்கு வீட்டில் குழந்தைகளைப் பார்க்க ஆளில்லை. அக்கா அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்தார். "இதை எந்தத் தலைப்புல போடறதுக்கா?" என்று கேட்டேன். "மருந்துச் செலவுன்னு போடு" என்றார். கணக்காய்வாளர் கேட்டபோது அவருக்கும் அதையே சொல்லி, அவரையும் ஒரு நாள் வேனில் ஏற்றி அனுப்பினார். அவர் திரும்பி வந்து அந்தத் தலைப்புக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

சரசு அதற்குப் பிறகு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கன்று வளர்க்கும் நாற்றுமேட்டில் அரை நாள் வேலைக்குக்கூடப் போனாள். வேனில் அவள் ராஜ்ஜியம்தான். யார் எங்கே உட்கார வேண்டும், யார் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எல்லாம் அவள் உத்தரவு. காலியாகக் கிடந்த நாற்காலிகள் நிறைந்து, இடம் போதவில்லை என்று மேலாளர் போன் செய்தார். "இப்பதான் மெஷின் வாங்கணும் கிராணி. எழுது" என்றார் அக்கா.

எனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. சொன்னபோது அக்கா, "போ, போ. அங்க உன்னை யாரு கிராணின்னு கூப்பிடப் போறாங்க?" என்று சொல்லிவிட்டுக் கீழே ஆலைக்குள் போய்விட்டார். பிரிவு விருந்து, மாலை, ஒன்றும் கிடையாது. கடைசி நாள் காலையில், "வேன்ல ஏதோ சத்தம் வருதாம், வா, குளுவாங் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

வேனில் ஒரு சத்தமும் வரவில்லை. நோயாளிகளை ஏற்றினோம், இறக்கினோம். அக்கா ஒவ்வொருவர் கையையும் பிடித்து இறக்கிவிட்டு, "பாத்துப் போங்க" என்றார். மாசாய்க்கு அதே வேனில் திரும்பும் வழியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், பேசிக்கொண்டே இருந்து, அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. டிரைவர் அண்ணன் ஆலை வாசலில் வேனை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அக்காவ எழுப்ப வேணாம்ணே. இன்னொரு சுத்து போயிட்டு வருவோம்" என்றேன்.